அத்தையின் கொடியில் மட்டும் காய்த்த வருஷம்

அந்த வருஷம் எங்கள் லயத்தில், ஒரே வரிசையாக ஒட்டி நின்ற பன்னிரண்டு காம்பரா வீடுகளுக்கும் சேர்த்து, ஒழுங்காகக் காய்த்தது ஒரே ஒரு பூசணிக் கொடிதான். அது என் அத்தையின் கொடி. காய்த்த குற்றத்துக்காகத்தான் அத்தை எங்களை விட்டுப் போக வேண்டி வந்தது. காய்க்கவில்லை என்று ஒருவரைக் குறை சொல்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காய்த்துவிட்டது என்று குறை சொன்னதை அந்த ஒரு தடவைதான் பார்த்தேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. இலங்கையில் மாத்தளைப் பக்கம், ரத்தோட்டைக்கு மேலே மலைச்சரிவில் எங்கள் தேயிலைத் தோட்டம். கீழே பார்த்தால் தேயிலை, இரண்டு பக்கமும் தேயிலை. மேல் லயமாகிய எங்கள் லயத்துக்குப் பின்னால் மட்டும் தேயிலை வைக்காமல் விட்ட ஒரு மலை இருந்தது. அதில் மானாப்புல் ஆளுயரத்துக்கு நிற்கும். அதற்குப் புல்லுமலை என்று பெயர்.

அத்தை என் அப்பாவுக்குத் தங்கை. கலியாணமாகி ஆறு வருஷமாகியும் பிள்ளை இல்லையென்று அவள் புருஷன் வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அத்தை ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் காம்பராவுக்கு வந்து சேர்ந்தாள். பகலில் கொழுந்து பறிப்பாள். விடியுமுன் எழுந்து, எல்லாருக்கும் முதலாக, மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வருவாள். வீடு அம்மாவுடைய வீடு. அடுப்பு அம்மாவுடைய அடுப்பு. கொல்லையில் இருந்த பூசணிக் கொடியும் அம்மாவுடையதே. பீலிக்குப் போகிற பாதையோரத்தில், மாட்டுப்பட்டியைக் கூட்டிக் கொட்டுகிற குப்பைமேட்டில், அத்தை தனக்கென்று நாலு பூசணி விதை ஊன்றி வைத்தாள். அந்தக் குப்பைமேடு மட்டும்தான் அவளுக்கென்று இருந்த நிலம்.

நான் யாரிடமும் பேச மாட்டேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நின்று அழுவேன். அத்தையிடம் மட்டும் பேசுவேன். அதுவும் அவள் முகத்தைப் பார்க்காமல், சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான்.

பூசணிக்காய்க்கு எங்கள் தோட்டத்தில் பெரிய மரியாதை. ஆடி மாதம் அம்மன் திருவிழாவில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்தச் சாப்பாட்டுக்கு ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் தன் கொடியில் முதலாகக் காய்த்த பூசணியைக் கொண்டுபோய் அம்மன் முன்னால் வைக்க வேண்டும். கடையில் வாங்கி வைக்கக்கூடாது. கீழ் லயத்தார் எப்படித்தான் பாடுபட்டாலும் எங்கள் லயத்துக் காய் அளவுக்கு அவர்களுக்கு வராது. “மேல் லயத்துக்காரங்க பூசணிய மட்டுமா வளர்க்கிறாங்க, தலக்கனத்தையும் சேத்துல்ல வளர்க்கிறாங்க” என்பார்கள். நாங்களும் அதை மறுத்ததில்லை.

இனி புல்லுமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த மலையை வெட்டுவதற்கு ஒரு முறை இருந்தது. பொங்கல் கழிந்ததும் தோட்டத் தலைவர் கம்பு நட்டு மலையை மூன்று பத்தியாகப் பிரிப்பார். அந்த வருஷத்துக்கு ஒரு பத்தி. அதை மட்டும் வெட்டி மாட்டுப்பட்டி வேய்வதற்கும், மாட்டுக்குக் கீழே போடுவதற்கும் எடுப்போம். வெட்டிய இடத்தில் தளிர்ப்பது மாட்டுக்கு. மற்ற இரண்டு பத்தியில் கத்தியும் வைக்கக்கூடாது, மாட்டையும் விடக்கூடாது. இதில் பெரிய ஞானம் ஒன்றும் இல்லை. தேயிலை வேலை முடித்து வந்து, மிச்சமிருக்கிற வெளிச்சத்தில் ஒரு பத்திக்கு மேல் வெட்ட எங்களால் முடியாது. அவ்வளவுதான்.

ஆனபடியால் மலையில் எந்த வருஷமும் இரண்டு பங்கு பழைய புல் நின்றுகொண்டே இருக்கும். அதற்குள்ளே ஊதாவும் மஞ்சளுமாகப் பெயர் தெரியாத பூக்கள். உள்ளே நாலடி வைத்தால் பாவாடை முழுக்க வெட்டுக்கிளி ஒட்டிக்கொள்ளும். காய்ந்த தண்டுகளைத் துளைத்துக்கொண்டு கருவண்டுகள் குடியிருந்தன. பாறை இடுக்கில் தேன்கூடு இருந்தது. விடிந்ததும் அந்தக் கூட்டமெல்லாம் இறங்கி எங்கள் கொல்லைக்கு வந்துவிடும். பூசணிப் பூ ஒவ்வொன்றுக்குள்ளும் தலைகீழாக ஏதாவது ஒன்று புரண்டுகொண்டிருக்கும். லயத்துப் பிள்ளைகள் பூவின் வாயைப் பொத்தி, உள்ளே வண்டு உறுமுவதை என் காதருகே கொண்டுவந்து காட்டுவார்கள். நான் அலறிக்கொண்டு ஓடுவேன். எனக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. அவையெல்லாம் எங்கேயாவது தொலைந்துபோக வேண்டும் என்று சாமியிடமே கேட்டிருக்கிறேன்.

சாமி என் மாமாவை அனுப்பி வைத்தது.

மாமா அம்மாவின் தம்பி. மாத்தளைத் தேர் பார்க்க வந்தவர் அப்படியே எங்கள் காம்பராவில் தங்கிவிட்டார். அதற்கு முன் இரண்டு வருஷம் லக்கலப் பக்கம் சேனை வெட்டுகிறவர்களோடு இருந்தார். காட்டை எரித்து, சாம்பலில் குரக்கன் விதைத்து, யானைக்குப் பயந்து மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிற ஊர் அது. ஒரு மூட்டை குரக்கனும் நூறு யானைக் கதையும் கொண்டுவந்தார். அவர் இருக்கிற இடத்தில் சிரிப்புச் சத்தம் இருக்கும்.

அந்த வருஷம் மழை பின்தங்கிவிட்டது. எங்கள் பசுவுக்கு விலா எலும்பு எண்ணுகிற மாதிரித் தெரிந்தது. அம்மா அப்போது முழுகாமல் இருந்தாள். அவளுக்கு ஒரு வாய் பால் கொடுக்கக்கூட மாட்டுக்கு மடி இறங்கவில்லை. அப்பா முற்றத்தில் நின்று மலையைப் பார்த்துக் கவலைப்பட்டார்.

“என்னா மச்சான், நரைச்ச தாடி மாதிரி இவ்வளவு புல்ல வச்சிக்கிட்டு மாடு மெலியுதுன்னு அழுறீங்க” என்றார் மாமா. “ஒரு நெருப்புக் குச்சி போதும். மழை விழுந்து பதினஞ்சு நாள்ல மலை முழுக்கப் பச்சைப் பசேல்னு வராட்டி என் மீசைய எடுத்துர்றேன்.”

“ஒனக்கு ஏதுடா மீசை?” என்றாள் அம்மா.

“வரும்க்கா. எரிச்சுப் பாக்கணும், அப்பத்தான வரும்.”

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த வாயோடு சம்மதித்தும்விட்டார்கள். தலைவருக்கும் அது பிடித்தது, மூன்று வருஷ வேலை ஒரே நாளில் முடிகிறதே. பாம்பும் உண்ணியும் ஒழியட்டும் என்று தோட்டத்தை நடத்துகிற சின்னத்துரையும் தலையாட்டினார். தேயிலைக்குத் தீ தாவாமல் சுற்றிவர நிலத்தைச் செதுக்கிவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவர் சொன்ன நிபந்தனை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு மாமா தீ வைத்தார். மூன்று பத்தியும் ஒன்றாக எரிந்தது. பட்டாசுக் கடை எரிகிற மாதிரி தண்டுகள் வெடித்தன. வெட்டுக்கிளிகள் லயத்துத் தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தோடு வந்து விழுந்தன. கரிக்குருவிகளும் பருந்துகளும் புகைக்குள்ளே பாய்ந்து பாய்ந்து தின்றன. பாறையிலிருந்த தேனீக்கள் ஒரு உருண்டையாகத் திரண்டு எங்கள் தலைக்கு மேலே போயின. லயத்தின் கோடியில், தொங்கல் காம்பராவில் இருந்த பெரியம்மா கையை வீசி, “போங்க, போங்க, போய்த் தொலைங்க” என்று வழியனுப்பினாள். அவள் எங்களுக்குச் சொந்தம் இல்லை. லயத்துக்கே பெரியம்மா. நானும் அத்தையின் பின்னால் நின்றுகொண்டு மெதுவாகக் கையை வீசினேன்.

மாமா சொன்னது பலித்தது. பங்குனிக் கடைசியில் மழை விழுந்ததும் கரியாகக் கிடந்த மலை முழுவதும் பச்சை விரிந்தது. பத்தி என்று இனி எதற்கு? எல்லா மாட்டையும் மலை முழுவதும் விட்டார்கள். அவை புல்லைத் தலைதூக்க விடாமல் மேய்ந்தன. பூக்கிற செடி எது வந்தாலும் அதையும் சேர்த்து மேய்ந்தன. எங்கள் பசு மடி கனத்து நின்றது. அம்மாவின் கன்னம் தெளிந்தது. மாமா எந்தக் காம்பரா வாசலில் நின்றாலும் அவருக்குப் பால் தேத்தண்ணீர் கிடைத்தது. பெரியம்மா தன் தம்பி மகளை அவருக்குக் கட்டி வைப்பதாகக்கூட ஒரு பேச்சு எழுந்தது.

காலைகள் அமைதியாகிவிட்டன. வைகாசியில் பூசணிக் கொடிகள் பூத்தபோது பூக்களுக்குள் ஒன்றுமே இல்லை. மஞ்சள் மட்டும் இருந்தது. நான் முதல் தடவையாகப் பூவுக்குள் விரல் விட்டுப் பார்த்தேன். உறுமல் இல்லை, கொட்டு இல்லை. மாமா எனக்காகவே செய்து தந்த வசதி என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு பிஞ்சுகள் விழத் தொடங்கின.

பூசணியில் காய்க்கிற பூ வேறு, காய்க்காத பூ வேறு. காய்க்கிற பூவுக்கு அடியில் கோலிக்குண்டு போல ஒரு பிஞ்சு முதலிலேயே இருக்கும். அது பருக்க வேண்டும். அந்த வருஷம் பருக்கவில்லை. பூ வாடிய இரண்டாம் நாள் மஞ்சளாகி, மூன்றாம் நாள் தொட்டால் உதிர்ந்தது. ஒவ்வொரு கொல்லையிலும் இதே கதை. ஒன்றிரண்டு தப்பியவையும் கோணலாகச் சூம்பிப் போயின.

சாம்பல் தூவினார்கள். சாணி கரைத்து ஊற்றினார்கள். கரிச்சட்டியில் சுண்ணாம்புப் பொட்டு வைத்துக் கட்டினார்கள். பழைய செருப்பு, தேய்ந்த விளக்குமாறு, உடைந்த கூடை என்று கண்ணேறு கழிக்கிற சாமான்கள் கொல்லை முழுதும் தொங்கின. பெரியம்மா தன் புருஷனின் மழைத் தொப்பியையே கம்பில் மாட்டிவிட்டாள். அவர் பாவம், நனைந்துகொண்டே வேலைக்குப் போனார். தலைவர் ஒரு கட்டளை போட்டார். திருவிழாவுக்குக் காய் பறிக்கிற நாள்வரை ஒருவரும் கொடியைத் தொடக்கூடாது, கறிக்கென்று ஒரு பூக்கூடக் கிள்ளக்கூடாது. மீறினவர் கோயிலில் எல்லார் முன்னாலும் நிற்க வேண்டும்.

எதுவும் பலிக்கவில்லை. ஆனால் ஆற்றோரத்துக் கீழ் லயத்தில், சிங்களக் கிராமத்தாரின் தோட்டத்தை ஒட்டிய கொல்லைகளில், பூசணி வழக்கம்போல் காய்த்துக் கிடந்தது. அதுதான் எங்கள் பெண்களின் வயிற்றை எரித்தது.

ஒரு நாள் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்த பெண்கள் பாதையில் நின்றார்கள். “கீழ் லயத்துல காய்ச்சுக் கெடக்குது. நமக்கு மட்டும் என்னா வந்துச்சு?” என்றாள் பெரியம்மா. “விடியக்காலையில மொத ஆளா நம்ம கொடிங்களத் தாண்டிப் போறது யாருன்னு யோசிச்சுப் பாருங்க. நான் யாரையும் சொல்லல.”

அவள் சொல்லவில்லைதான். எல்லாரும் அத்தையின் குடத்தைப் பார்த்தார்கள்.

மறுநாளிலிருந்து அத்தை விடியுமுன் போவதை விட்டு, எல்லாரும் போன பிறகு போய் வரிசையில் கடைசியாக நின்றாள். அப்போதும் அவள் கடக்கும்போது கொல்லைப் படலைச் சாத்தினார்கள். “என்னா மதினி, ஒங்க கண்ணுக்கு அவ்வளவு பவரா? அப்ப நம்ம கணக்கப்பிள்ளைய ஒருக்காப் பாத்து விடுங்களேன், அவரும் கொஞ்சம் வாடட்டும்” என்று மாமா சத்தமாகக் கேட்டு, அவளைச் சிரிக்க வைக்கப் பார்ப்பார். லயத்தில் அவளுக்காக வாய் திறந்த ஒரே ஆள் அவர்தான். அத்தை சிரிக்க முயற்சி செய்வாள்.

அந்த நாட்களில்தான் நான் அந்த விளையாட்டை விளையாடினேன். வண்டுக்குப் பயமில்லை. ஆனால் அம்மாவின் கொடியைத் தொட்டால் முதுகில் விழும். மற்றக் கொல்லைகளில் ஆள் இருக்கும். குப்பைமேட்டுப் பக்கம் ஒருவரும் வருவதில்லை. அதனால் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் அத்தையின் கொடிக்குப் போவேன். பூக்களுக்குக் கலியாணம் செய்து வைப்பேன். காய்க்காத பூ மாப்பிள்ளை. அதைக் கிள்ளி, இதழையெல்லாம் உரித்துவிடுவேன். நடுவிலே மஞ்சள் மாவு பூசிய தண்டு மட்டும் நிற்கும். அதைக் கொண்டுபோய்ப் பிஞ்சு உள்ள பூவின் நடுவில் நன்றாகத் தடவுவேன். பெண்ணுக்கு மஞ்சள் பூசுகிறேன் என்று நினைப்பு. தினமும் இரண்டு மூன்று கலியாணம் நடக்கும். பேச ஆளில்லாத பிள்ளைக்கு அது நல்ல கூட்டம்.

ஒரு காலையில் அத்தை பின்னால் வந்து நின்றுவிட்டாள். கையில் மாப்பிள்ளையோடு அகப்பட்டுக்கொண்டேன்.

“இன்னிக்கி எந்த வீட்டுக் கலியாணம் தாயி?” என்றாள்.

அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் பக்கத்தில் குந்தினாள். நான் மஞ்சள் பூசி முடிக்கும்வரை பார்த்திருந்தாள். “நல்லா இருக்கணும்னு சொல்லு. சும்மா விடக்கூடாது” என்றாள். சொன்னேன். கிள்ளிய பூக்களை அள்ளி மடியில் மறைத்துக்கொண்டு, வேலைக்குப் பெயர் கொடுக்கிற பிரட்டுக்கு அவள் ஓடினாள்.

ஆடி பிறந்தபோது அத்தையின் கொடியில் ஐந்து காய் பருத்துக் கிடந்தன. உருண்டை உருண்டையாக, கோணல் இல்லாமல், ஐந்து. அன்றைக்கு அத்தைக்கு நிலைகொள்ளவில்லை. “மதினி, நம்ம வீட்டுக்கு ஒண்ணு அம்மனுக்கு வைக்கலாம். மிச்சத்த இல்லாதவங்களுக்குக் குடுப்போம்” என்று அம்மாவிடம் சொன்னாள். தன்மேல் விழுந்த பேச்சு அத்தோடு தீர்ந்துவிடும் என்று நம்பினாள். பெரிய காயைத் தூக்கிக்கொண்டு அவளே பெரியம்மா வாசலுக்குப் போனாள்.

பெரியம்மா அதைத் தொடவில்லை.

“ஊருக் கொடியெல்லாம் உறிஞ்சி ஒன் கொடியில எறக்கிக்கிட்டு, இப்ப எங்களுக்கே பங்கு வைக்கிறியா?”

“பெரியம்மா, நான் தண்ணி மட்டும்தான் ஊத்துனேன். வேற ஒண்ணும் தெரியாது.”

“நாங்க என்னா, வெந்நியா ஊத்துனோம்?”

சத்தம் கேட்டு லயமே வாசலுக்கு வந்துவிட்டது. மாமா நடுவில் புகுந்து, காய்க்கிற கண் நல்ல கண்தானே என்று வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்தார். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியம்மா அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்கு அப்போது எட்டாம் மாதம். குரலைத் தாழ்த்தி, அக்கறையோடுதான் சொன்னாள். இத்தனை வருஷம் கழித்தும் அவள் கெட்டவள் என்று எனக்குச் சொல்ல வரவில்லை.

“பிஞ்சுல கண்ணு வச்சவ, வயித்துப் புள்ளைய விடுவாளாடி? நீ ஒரே வீட்டுல படுத்து எந்திரிக்கிற. யோசிச்சுக்க.”

அம்மா இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டாள். அவள் வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகப் போனது. அத்தை அதைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்து, அந்தக் கை போன நிமிஷத்தில்தான் அத்தை எங்கள் வீட்டை விட்டுப் போனாள். பெட்டியோடு போனது அதற்கு நாலு நாள் கழித்து.

அந்த ஐந்து காயையும் அம்மனுக்கு வைக்கவில்லை. சூடம் ஏற்றி லயத்தைச் சுற்றிவந்து முச்சந்தியில் போட்டு உடைத்தார்கள். உள்ளே சதை நல்ல கனத்த மஞ்சளாக இருந்தது. அந்த வருஷம் எங்கள் லயத்தார் கீழ் லயத்தில் பூசணி கேட்டு வாங்கித்தான் திருவிழாச் சாப்பாட்டில் உட்கார்ந்தார்கள்.

ஆவணியில் தம்பி பிறந்தான், சுகமாக. எல்லாரும் மூச்சு விட்டார்கள். அடுத்த தையில் மாட்டுப்பட்டி வேய ஒரு பிடி நீளப்புல் மலையில் கிடைக்கவில்லை. பட்டி ஒழுகி மாடு நனைந்தது. தலைவர் மறுபடியும் கம்பு நட்டு மலையைப் பத்தி பிரித்து, இரண்டு பத்தியில் மாடு விடக்கூடாது என்று தடுத்தார். மாமா அதற்குள் தம்புள்ளைக்குப் போய் லொறிகளில் மரக்கறி ஏற்றுகிற வேலையில் சேர்ந்துவிட்டார். புல் ஏறியது. அதற்கு அடுத்த வருஷம் பூக்களுக்குள் மறுபடி உறுமல் கேட்டது. கொடிக்குப் பத்துப் பன்னிரண்டு என்று காய்த்துத் தள்ளியது.

“பாத்தீங்களா” என்றாள் பெரியம்மா. “அவ போனா, காய் வந்துச்சு.”

அப்பாகூட அன்றைக்குத் தலை நிமிராமல் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அத்தையின் பேரில் சொன்ன பழி அன்றோடு உறுதியாகிவிட்டது. அவள் உக்குவளைப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், தூரத்துச் சித்தப்பா வீட்டில் இருந்தாள். அங்கேயே கடைசிவரை இருந்தாள். அவளுடைய செத்த வீட்டுக்குப் போனபோது, அந்த லயத்துப் பிள்ளைகள் பெற்ற தாய்க்கு அழுகிற மாதிரி அழுததைப் பார்த்தேன்.

எனக்கு விளங்கியது போன வருஷம்தான். பல்கலைக்கழகத்தில் படிக்கிற இரண்டு பெண்பிள்ளைகள் கொசுவலைத் துணியில் செய்த வலையும் போத்தல்களுமாகப் புல்லுமலைக்கு வந்தார்கள். ஒருத்தி சிங்களப் பிள்ளை, ஒருத்தி கம்பளைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை. நாள் முழுதும் புல்லை வலையால் துழாவி, பூச்சிகளைப் பிடித்து எண்ணிக் குறித்துக்கொண்டிருந்தார்கள். வெயிலுக்கு என் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தேன்.

“இந்த மலைய எப்பயாச்சும் முழுசா எரிச்சிருக்காங்களா பாட்டி?” என்று தமிழ்ப் பிள்ளை கேட்டாள்.

ஒரு தடவை, என்றேன்.

“முழுசாவா? அப்ப பூச்சிக்கு ஓடி ஒதுங்க எடமே இருந்திருக்காதே. சுத்தி எல்லாம் தேயிலை. தேயிலையைத்தான் பூக்க விடாம கிள்ளிருறீங்களே. கொஞ்சத்த வெட்டி கொஞ்சத்த விட்டா அதுங்க பொழச்சிக்கும். அந்த வருஷம் இங்க பூசணி, பாகல் எல்லாம் காய்ச்சிருக்காதே? தேனீயும் வண்டும் மகரந்தத்தக் கொண்டுபோய்ப் பூசுனாத்தான காய் பிடிக்கும். இல்லாட்டி மனுசன் கையால பூசி விடணும்.”

கையால் எப்படிப் பூசுவது என்று கேட்டேன். அவள் தன் விரலையே பூவாக வைத்துக்கொண்டு காட்டினாள். இதழை உரித்து, தண்டால் தடவி. அவளுக்கென்று கொண்டுவந்த தேத்தண்ணீரை நானே குடித்துவிட்டேன். குடித்து முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மாமா அதற்கு வெகுகாலம் முன்பே இறந்துவிட்டார். தெரியாமலே போய்ச் சேர்ந்தது நல்லது. அத்தைக்காகப் பேசிய ஒரே ஆள் அவர். அவர் வைத்த தீதான் அவளை அனுப்பியது என்று தெரிந்திருந்தால் தாங்கியிருக்க மாட்டார்.

இவ்வளவும் சொல்லிவிட்டேன். அத்தை போன அந்தக் காலையை மட்டும் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

அப்பா தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் போனார். பஸ் ரோடுவரை போக எனக்கும் உத்தரவு கிடைத்தது. அம்மா கதவுக்குள் நின்று அழுதாள், வெளியே வரவில்லை. பீலிப் பாதை வளைவில் அப்பா மறைந்ததும் அத்தை குப்பைமேட்டருகே நின்றாள். காய்களைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்களே தவிர, கொடியை ஒருவரும் பிடுங்கவில்லை. பயம். அன்று விடிந்த பூக்கள் விரிந்து கிடந்தன.

அத்தை என் தோளைப் பிடித்துக் குனிந்தாள்.

“ஏ தாயி, நீ இங்க பூவப் பறிச்சு வெளையாடுனத யார்கிட்டயாச்சும் சொன்னியா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“சொல்லிறாத. தலைவரு தொடக்கூடாதுன்னு சொன்ன பொறகு தொட்டிருக்க. தெரிஞ்சா ஒன்னைய கோயில்ல நிக்க வச்சு, எல்லாத்துக்கும் நீதான் காரணம்னு ஆக்கிருவாங்க. என் பேரு கெட்டது கெட்டதாவே இருக்கட்டும். எனக்கு இனி என்னா? நீ வாழப் போற புள்ள.”

கையை நீட்டினாள். நான் அதில் அடித்துச் சத்தியம் பண்ணினேன்.

நான் அன்றைக்குச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களா, தெரியாது. அடி விழுந்திருக்கும். ஆனால் அடித்த பிறகு யாராவது ஒருத்தி, பெரியம்மாவேகூட, ஒருவருக்கும் தெரியாமல் தன் கொடியில் அந்தக் கலியாணத்தைச் செய்து பார்த்திருப்பாள். பார்த்திருந்தால் பிஞ்சு நின்றிருக்கும். அத்தையைக் காப்பாற்ற எங்கள் இரண்டு பேரிடமும் இருந்தது அது ஒன்றுதான். அதை நாங்கள் இருவரும் குற்றம் என்று நினைத்து, ஒருவருக்காக ஒருவர் ஒளித்து வைத்தோம்.

பஸ் வந்தது. அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள்.

திரும்பி வரும் வழியில் அப்பா ஏற்றத்தில் நின்று முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

“பாதையில அத்த ஒன்கிட்ட என்னாமோ சொல்லிக்கிட்டு இருந்துச்சே. என்னா சொல்லிச்சு?”

அப்பா அப்படி நின்று என்னிடம் கேட்பது அபூர்வம். கேட்ட குரலில் கோபமே இல்லை. எதைச் சொன்னாலும் கேட்கிற முகமாக இருந்தது.

“ஒண்ணும் சொல்லலப்பா” என்றேன். திக்காமல், அவர் முகத்தைப் பார்த்து. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தில் அவரைத் தாண்டி மேட்டில் ஓடினேன்.